கண் முந்தும், கை பின்தொடரும்

விளையாட்டுத் திடலில் அதிகமாகக் கேட்கும் அறிவுரை, "பந்தைப் பார்த்து விளையாடு" என்பதுதான். குறி தவறினாலும், பந்து நழுவினாலும், கால் தடுமாறினாலும் இதே அறிவுரைதான். ஆனால் எதைப் பார்ப்பது, எந்த நொடியில் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது? இவற்றை யாரும் சொல்லித் தராததால், அந்த அறிவுரை பல பிள்ளைகளுக்கு வெறும் அதட்டலாகவே போய்ச் சேருகிறது. "இவனுக்குக் கை ஓடாது", "இவளுக்கு விளையாட்டு வராது" என்ற முத்திரைகளும் அங்கேதான் விழுகின்றன.

பார்வை என்பது பயிற்சியால் மேம்படக்கூடிய ஒரு திறன். வாசிப்பைப் படிப்படியாகக் கற்றுக்கொடுப்பதுபோல இதையும் கற்றுக்கொடுக்கலாம். நான் அறிவியல் ஆசிரியர். பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடத்தும்போது கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்று கரும்பலகையில் படம் வரைவதோடு நிறுத்தாமல், பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் சென்று கண் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது என் வழக்கம். அதற்கான அடிப்படைகளையும், செலவில்லாமல் எந்தப் பள்ளியிலும் செய்யக்கூடிய சில பயிற்சிகளையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கட்டைவிரல் அளவே தெளிவு

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம் அளவுக்குத்தான் நம் கண் மிகக் கூர்மையாகப் பார்க்கிறது. விழித்திரையின் நடுவே உள்ள மையக்குழி என்ற சிறு பகுதி இதற்குப் பொறுப்பு. அதைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கு அசைவு நன்றாகத் தெரியும், நுணுக்கம் தெரியாது. பாடநூலில் ஒரு சொல்லின் மீது கண்ணை அசையாமல் நிறுத்திக்கொண்டு, நான்கு சொல் தள்ளி இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். முடியாது. வகுப்பே வியந்துபோகும்.

எதையாவது தெளிவாகக் காண வேண்டுமானால் கண் அதை நோக்கித் தாவ வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் நம் கண்கள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இப்படித் தாவுகின்றன. தாவும் அந்தக் கணத்தில் நமக்குத் தெளிவான பார்வை கிடைப்பதில்லை. அலைபாயும் கண்ணோடு எறிகிற பிள்ளைக்கு, குறி எங்கே இருக்கிறது என்ற தகவலே மூளைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. கையில் குறையில்லை, கை நம்பியிருக்கும் தகவலில்தான் குறை.

நிலைத்த பார்வை

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர், கூடைப்பந்து வீராங்கனைகள் தனி எறி எறியும்போது அவர்களுடைய கண்கள் எங்கே நிற்கின்றன என்று கருவி பொருத்திக் கவனித்தார். 1996-இல் வெளியான அந்த ஆய்வு காட்டிய உண்மை எளிமையானது. திறமையானவர்கள் கையை அசைக்கத் தொடங்கும் முன்பே வளையத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே கண்ணைக் கூடுதல் நேரம் நிறுத்துகிறார்கள். திறமை குறைந்தவர்களின் கண் வளையம், பலகை, மறுபடி வளையம் என்று அலைகிறது. கடைசிக் கணத்தில் நிற்கும் இந்தப் பார்வையை நாம் 'நிலைத்த பார்வை' என்று அழைக்கலாம்.

இது பிறவித் திறமை மட்டுமல்ல, கற்றுத்தரவும் முடியும் என்பதை அடுத்து ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 54 விழுக்காடாக இருந்த அவர்களின் தனி எறி வெற்றி, இரண்டாவது பருவத்தில் 76 விழுக்காட்டைத் தாண்டியது. இயக்க ஒருங்கிணைப்பில் சிரமமுள்ள சிறுவர்களிடம் இங்கிலாந்தில் நடந்த ஆய்விலும், பந்தை எறிந்து பிடிப்பதற்குப் பார்வை வழிகாட்டுதல் கைகொடுத்தது. இந்தச் செய்தி நமக்கு முக்கியம். ஏனென்றால் நம் வகுப்புகளில் 'விளையாட்டு வராது' என்று ஒதுக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் இத்தகைய பிள்ளைகள்தான்.

பந்துக்கு முன்னே தாவும் கண்

நிற்கும் குறிக்கு நிலைத்த பார்வை போதும். ஓடி வரும் பந்துக்கு? மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்து மட்டையாளரை வந்தடைய அரை நொடிகூட ஆவதில்லை. கண்ணால் கண்டு, முடிவெடுத்து, தசையை இயக்கவே சுமார் 0.2 நொடி தேவை. அப்படியானால் பந்தை இறுதிவரை பார்த்துக்கொண்டே அடிப்பது எப்படி?

மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. மட்டையாளர்கள் பந்தைத் தொடர்ந்து பின்பற்றுவதில்லை. பந்து கையை விட்டு வெளியேறுவதைப் பார்க்கிறார்கள். பிறகு அது தரையில் எங்கே குத்தும் என்று கணித்து, அந்த இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிக் காத்திருக்கிறது. தேர்ந்த வீரரின் கண் அங்கே சீக்கிரம் போய்விடுகிறது. புதியவரின் கண் தாமதமாகப் போகிறது.

ஆகவே "பந்தையே பார்" என்பதைவிட, "பந்து கையைவிட்டுக் கிளம்பும் இடத்தைப் பார், அது குத்தும் இடத்தைப் பார்" என்பது பிள்ளைக்குப் புரியும், பயன்படும் அறிவுரை.

ஒற்றைக்காலில் நிற்பதன் அறிவியல்

எங்கள் சங்கரன்கோவிலில் ஆடித்தபசு என்றால் ஊரே திரளும். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்ற கதை இங்குள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அதனால் சமநிலைப் பாடத்தைத் தொடங்க எனக்குத் தனியாக முன்னுரை தேவைப்படுவதில்லை. "நீங்கள் ஒற்றைக்காலில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?" என்று கேட்டாலே போதும், வகுப்பு எழுந்து நின்றுவிடும்.

மூன்று முறை நிற்கச் சொல்லுங்கள். முதல் முறை, கண்ணை அங்குமிங்கும் ஓட்டிக்கொண்டு. இரண்டாம் முறை, எதிர்ச் சுவரில் சாக்கட்டியால் வைத்த ஒரு புள்ளியை மட்டும் பார்த்தபடி. மூன்றாம் முறை, கண்ணை மூடிக்கொண்டு. பக்கத்தில் ஒரு தோழன் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும். புள்ளியைப் பார்த்தபோது நின்ற உடல், கண்ணை மூடியதும் சில நொடிகளில் ஆடத் தொடங்கும்.

உடல் விழாமல் நிற்க மூன்று துணைகள் உள்ளன. ஒன்று கண். இரண்டு, உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களும் அவற்றை ஒட்டிய உறுப்புகளும். மூன்று, பாதம், கணுக்கால், தசை, மூட்டு ஆகியவற்றிலிருந்து வரும் உணர்வு. கண்ணை மூடினால் மற்ற இரண்டும் பாரத்தைச் சுமக்கின்றன. யோகாசனத்தில் மரநிலையில் நிற்கும்போது ஒரு புள்ளியை நோக்கச் சொல்வதன் காரணமும் இதுவே.

கண்ணும் காதும் சேர்ந்து இயங்குவதைக் காட்ட இன்னொரு சோதனை உண்டு. பாடநூலைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, தலையை இடமும் வலமும் வேகமாக அசைத்தபடி படிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியும். இப்போது தலையை அசைக்காமல் நூலை அதே வேகத்தில் அசைக்கச் சொல்லுங்கள். எழுத்து கலங்கிவிடும். தலை அசையும்போது உட்செவி அதை உணர்ந்து, கண்ணை எதிர்த்திசையில் திருப்பிப் பார்வையை நிலைநிறுத்துகிறது. நூல் அசையும்போது அந்த உதவி கிடைப்பதில்லை. கபடியில் பாடி வருபவர் தலையைத் திருப்பித் திருப்பி எதிரணியைப் பார்த்தும் தடுமாறாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

துல்லியமும் சமநிலையும் தனித்தனி அல்ல. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் வென்றது இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி பெற வேண்டிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர் மட்டுமே. நின்றபடி சுட வேண்டும். உடல் இம்மி ஆடினாலும் குறி போய்விடும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ டி ஜெனீரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான். அவர்களின் கண்ணுக்குக் கிடைத்த பயிற்சி, காலுக்கும் கிடைத்த பயிற்சி.

இரண்டு பந்துகளைப் பார்த்தவர்

பார்வையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்லும் உண்மைக் கதை மன்சூர் அலி கான் பட்டோடியுடையது. 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் கண்ணாடிச் சில்லு பாய்ந்து அவருடைய வலது கண்ணின் பார்வை ஏறத்தாழப் போய்விட்டது. அப்போது அவருக்கு இருபது வயது. இரு கண்களும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு இல்லாததால், குவளையில் தண்ணீர் ஊற்றினால் மேசையில் கொட்டும். மட்டையுடன் நின்றால் ஒரு பந்து இரண்டாகத் தெரியும்.

அவர் வலைப்பயிற்சியில் நாள்தோறும் நின்று, மீதமுள்ள பார்வைக்கு ஏற்ப நிற்கும் முறையை மாற்றிக்கொண்டார். இரட்டைப் பிம்பம் தொல்லை தராமலிருக்கத் தொப்பியை வலது கண் மீது இறக்கிக்கொண்டு ஆடினார். விபத்து நடந்து ஆறு மாதங்களுக்குள் இங்கிலாந்துக்கு எதிராக டெல்லியில் முதல் டெஸ்ட் ஆடினார். 1962 ஜனவரியில் நம் சென்னையில் 103 ஓட்டங்கள் எடுத்தார். இங்கிலாந்துக்கு எதிரான தொடரை இந்தியா முதன்முறையாக வென்றது அப்போதுதான். அதே ஆண்டு தம் 21-ஆவது வயதில் இந்திய அணியின் தலைவரானார். ஆடிய 46 டெஸ்ட்டுகளில் 40-க்கு அவரே தலைவர்.

எல்லாக் குறையையும் மன உறுதியால் வென்றுவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அவருக்குக் கண் மருத்துவமும் கிடைத்தது, பயிற்சி வாய்ப்பும் கிடைத்தது. நம் பிள்ளைகளுக்கும் அவை இரண்டும் கிடைக்க வேண்டும் என்பதே பாடம்.

முதலில் கண் பரிசோதனை

பயிற்சி தொடங்கும் முன் ஒரு கேள்வி: இந்தப் பிள்ளைக்குப் பந்து தெரிகிறதா? கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, ஒரு கண்ணை மூடிக்கொள்வது, நூலை முகத்தருகே வைத்துப் படிப்பது ஆகியவை நமக்குத் தெரிந்த அறிகுறிகள். திடலிலும் அறிகுறிகள் உண்டு. பந்து வந்த பிறகே கை நீளுவது, மாலை வெளிச்சம் குறையும்போது விளையாட மறுப்பது, பந்து முகத்துக்கு வரும்போது முன்னதாகவே விலகுவது, படி இறங்கும்போது காலால் துழாவுவது. இவற்றைப் பார்க்கும் வாய்ப்பு மருத்துவரைவிட நமக்கே அதிகம்.

ஆறு மீட்டர் தூரத்தில் பார்வைப் பலகையை மாட்டி, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் படிக்கச் சொல்வது முதல் படி. ஒரு கண் நன்றாகவும் மறு கண் மங்கலாகவும் இருந்தால், பிள்ளைக்கே அது தெரியாமல் போகலாம். மாறுகண், ஒரு கண் மட்டும் பலவீனமாக இருப்பது போன்றவற்றுக்குச் சிகிச்சை எவ்வளவு இளம் வயதில் தொடங்குகிறதோ அவ்வளவு பலன். எனவே தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் பார்வையில் படுவது பெரிய உதவி. பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் பெயர்ப்பட்டியலை முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருங்கள். கண்ணொளி காப்போம் திட்டத்தின் வழியாகக் கண்ணாடி பெற வாய்ப்புண்டு.

கண்ணாடி கிடைத்த பிறகும் வேலை முடிவதில்லை. கேலிக்குப் பயந்து அதைப் பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. வகுப்பில் கண்ணாடி அணிவதை இயல்பாக்குவது நம் பொறுப்பு. ஓட்டம், எறிதல் போன்றவற்றுக்குக் கண்ணாடியின் இரு காம்புகளையும் பின்தலையில் இலாஸ்டிக் பட்டையால் இணைத்துக் கொடுக்கலாம். கபடி போல உடல் மோதும் ஆட்டங்களில் மட்டும் கழற்றிவிட வேண்டும்.

திடலில் செய்யக்கூடியவை

கீழுள்ளவை ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் போதும். வாரத்துக்கு இரண்டு பயிற்சிகள் என்று சுழற்சியாகச் செய்யலாம்.

1. புள்ளிக் குறி: சுவரில் பெரிய வட்டம் வரைந்து, அதன் நடுவே சிறு புள்ளி வையுங்கள். மூன்று மீட்டர் தூரத்தில் நின்று துணிப்பந்து எறிய வேண்டும். "வட்டத்தைப் பார்க்காதே, புள்ளியைப் பார். மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணு. பிறகு எறி. பந்து சுவரில் படும்வரை கண்ணை எடுக்காதே." பத்து எறிக்கு எத்தனை பட்டது என்று பிள்ளையே குறித்துக்கொள்ளட்டும்.

2. எண் பந்து: பழைய டென்னிஸ் பந்தில் நான்கு பக்கம் நான்கு எண்களை மையால் எழுதுங்கள். பிடிக்கும் முன் கண்ணில் பட்ட எண்ணைச் சொல்ல வேண்டும். தொடக்க வகுப்புகளில் எண்ணுக்குப் பதில் வண்ணம் பூசலாம், உயிரெழுத்தும் எழுதலாம். பாடமும் ஆகிவிடும்.

3. குத்தும் இடம்: இருவர் எதிரெதிரே நின்று பந்தை ஒருமுறை தரையில் குத்தவிட்டு எறிய வேண்டும். பிடிப்பவர், பந்து எறிபவரின் கையைவிட்டுக் கிளம்பியதுமே அது குத்தப்போகும் இடத்தை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும். முன்கூட்டியே கணிக்கும் பார்வைக்கு இது நல்ல தொடக்கம்.

4. ஓரப் பார்வை: நடுவில் நிற்பவர் எதிரிலுள்ளவரின் முகத்தையே பார்க்க வேண்டும். இருபுறமும் நிற்பவர்கள் விரல்களைக் காட்டுவார்கள். தலையைத் திருப்பாமல் எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். கபடி, கோ-கோ ஆடுபவர்களுக்கு ஏற்றது.

5. கோட்டு நடை: தரையில் ஐந்து மீட்டர் கோடு. குதிகாலை ஒட்டி விரல் வைத்து நடக்க வேண்டும். முதலில் காலைப் பார்த்து, பிறகு கோட்டின் முடிவை மட்டும் பார்த்து, பிறகு பந்தைத் தட்டிப் பிடித்தபடி.

6. நம் ஆட்டங்கள்: தட்டாங்கல்லில் மேலே எறிந்த கல்லைக் கண் பின்பற்ற, கை தரையிலுள்ள கல்லை அள்ளுகிறது. பாண்டியில் ஒற்றைக்காலில் நின்று குனிந்து சில்லை எடுக்கிறோம். கோலிக்குண்டில் அடிக்கும் முன் கண் குறியில் நிற்கிறது. மேலே சொன்ன பயிற்சிகள் அனைத்தும் இந்த ஆட்டங்களுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. எங்கள் ஊரில் வீட்டுத் திண்ணையில் பூக் கட்டும் அம்மாக்களின் விரல்களைக் கவனித்தாலும் இதே ஒருங்கிணைப்பு தெரியும்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களை ஓரமாக உட்கார வைக்க வேண்டாம். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் உள்ளே குண்டுகள் குலுங்கும் பந்தைப் பயன்படுத்துகிறார்கள். நாமும் சிறு பிளாஸ்டிக் பந்துக்குள் சில கற்களை இட்டு மூடினால் போதும். மற்றவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு அதே பந்தில் ஆடட்டும். காதும் காலும் எவ்வளவு உதவுகின்றன என்பது அவர்களுக்கும் புரியும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

கண் பயிற்சி செய்தால் கண்ணாடியே தேவையில்லை என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். கிட்டப்பார்வை கண்ணின் அமைப்பு சார்ந்தது. பயிற்சியால் அது மறையாது. சூரியனையோ பிரகாசமான விளக்கையோ உற்று நோக்கும் பயிற்சிகளைப் பள்ளியில் ஒருபோதும் செய்விக்கக் கூடாது. கிட்டிப்புள், வில் அம்பு போன்றவற்றால் கண்ணில் காயம் ஏற்படும் ஆபத்து உண்டு. அவற்றுக்குப் பதில் மென்மையான பந்துகளைத் தேர்ந்தெடுங்கள். தலைசுற்றல், அடிக்கடி விழுதல் உள்ள பிள்ளைகளைச் சமநிலைப் பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பார்வைப் பயிற்சி என்ற பெயரில் விற்கப்படும் கணினிச் செயலிகளிலும் கவனம் தேவை. விளையாட்டோடு தொடர்பில்லாத பொதுவான கண் பயிற்சிகள் ஆட்டத்திறனை உயர்த்துகின்றனவா என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்னதியும் அவருடைய சக ஆய்வாளரும் சோதித்து 2001-இல் வெளியிட்டனர். குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தென்படவில்லை. எந்த ஆட்டத்தில் தேர்ச்சி வேண்டுமோ அந்த ஆட்டத்துக்குள்ளேயே பார்வையைப் பழக்குவதுதான் வழி. இது அரசுப் பள்ளிகளுக்கு நல்ல செய்தி. நமக்குத் தேவை திடலும், பந்தும், சாக்கட்டியும், கவனிக்கும் ஓர் ஆசிரியரும்தான்.

விளையாட்டு வேளையைக் காப்போம்

சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் செலவிடச் செய்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டுகளில் வழக்கமான பள்ளிகளில் சுமார் 40 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில் கூடுதலாக இருந்தவர்களிடம் அது சுமார் 30 விழுக்காடு. திறந்தவெளி வெளிச்சம் கண்ணுக்குக் காவல் என்பதற்கு இது வலுவான சான்று.

தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் கடனாகப் போவதும், அந்தக் கடன் திரும்பி வராமலே போவதும் நாம் அறிந்ததே. அறிவியல் ஆசிரியராகவே இதைச் சொல்கிறேன். அந்த நாற்பது நிமிடத்தில் என் பாடமும் நடக்கிறது. ஒளியியலும், நரம்பு மண்டலமும், ஈர்ப்பு மையமும் திடலில் பிள்ளைகளின் உடலிலேயே நிகழ்கின்றன. உடற்கல்வி ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து ஒரு வகுப்பு எடுத்தால் இரு பாடங்களுக்கும் பயன். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத தொடக்கப்பள்ளிகளில் வகுப்பாசிரியரே இதைச் செய்யலாம்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் பந்தைத் தவறவிடும் பிள்ளைகளின் பட்டியலையும், கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கும் பிள்ளைகளின் பட்டியலையும் எழுதுங்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருக்கும் பெயர்களுக்கு முதலில் கண் பரிசோதனை. பந்துப் பட்டியலில் மட்டும் இருக்கும் பெயர்களுக்குச் சுவரில் ஒரு புள்ளி, கையில் ஒரு துணிப்பந்து.